ஓரத்திலிருந்து நடுவுக்கு: பழைய சேலையில் கவந்திப் போர்வை தைக்கும் முறை

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பலரும் முதலில் மேல்பரப்பைத் தனியே இணைத்து முடித்து, அதற்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு விரிப்பை வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து, கடைசி வேலையாக ஓரத்திற்குப் பட்டி கட்டுவார்கள். கர்நாடகத்தில் பழந்துணியை அடுக்கிக் கையால் தைக்கும் போர்வையான கவந்தியில் இந்த வரிசை தலைகீழாகிறது. ஓரம் முதல் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் அழகுக்கான தையலும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. நடுப்பகுதி எப்படி அமையும் என்பது கடைசித் துண்டை வைக்கும்வரை தைப்பவருக்கே தெரியாது. தையல் இயந்திரமோ சட்டமோ இதற்கு வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை கூடித் தைக்கும் எங்கள் குழுவில் மூன்று கூடுகைகளை இதற்கென ஒதுக்கிச் செய்து பார்த்தோம். அங்கே சரியாக வந்தவற்றையும் தவறிப்போனவற்றையும் கொண்டு, ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யும்படி இதை எழுதுகிறேன்.

இந்த முறை சித்திப் பெண்களுக்கு உரியது. சித்தி என்பது இங்கே நம் உறவுமுறைச் சொல் அன்று. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹலியாள், முண்டகோடு வட்டங்களின் காட்டோர ஊர்களிலும், அவற்றை அடுத்த தார்வாடு, பெலகாவிப் பகுதிகளிலும் வாழும் ஒரு சமூகத்தின் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். போர்த்துகீசியர் ஆண்ட கோவாவிலிருந்து தப்பியும் விடுதலை பெற்றும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுக்குள் குடியேறியவர்களின் சந்ததியினர் அவர்களில் பலர். இந்து, இஸ்லாம், கிறித்தவம் என மூன்று சமயத்தாரும் அவர்களுள் உண்டு. 2003ஆம் ஆண்டு உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகளில் மழைக்காலக் குளிருக்கு விரிப்பாகவும் போர்வையாகவும் பயன்படுவதே கவந்தி. அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ஹென்றி ஜான் ட்ரூவலின் துணையுடன் 2004இல் சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு ஒன்று உருவாகி, அவர்களுடைய கைவேலை அமெரிக்கக் காட்சிக்கூடங்கள் வரை சென்றது. வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி என்று பழந்துணியை அடுக்கித் தைக்கும் வழக்கம் இந்தியாவெங்கும் உண்டு. ஆயினும் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிகிற இந்த ஒழுங்கே கவந்தியைத் தனித்துக் காட்டுகிறது.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை தைப்பவர்கள் 15 அங்குலச் சதுரத்தில், நாற்காலியில் போடும் அளவுக்கு ஒன்று செய்து பார்ப்பது நல்லது. கை பழகியபின் குழந்தைக்கான 30க்கு 40 அங்குலப் போர்வையைத் தொடங்கலாம். நான் கீழே சொல்லும் அளவுகள் யாவும் குழந்தைப் போர்வைக்கானவை.

அடித்துணிக்கு நன்றாகத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலையைவிடச் சிறந்தது இல்லை. ஊசி தடையின்றி இறங்கும். குழந்தையின் மேனியையும் உறுத்தாது. ஆனால் ஒரு சேலை எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. குதிகாலில் உரசும் கீழ்க்கரையும், உட்காரும்போது அழுந்தும் பகுதியும் முதலில் நைந்துபோகும். இடுப்பில் முதலில் செருகி உள்ளே மறைந்திருக்கும் பகுதியில் வெயிலும் உரசலும் குறைவாகப் படுவதால் அது பெரும்பாலும் வலுவாகவே இருக்கும். அடித்துணியை அங்கிருந்து எடுங்கள். ஐயம் இருந்தால் துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரு கட்டைவிரல்களையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்துப் பாவு (நீள இழை) வழியாகவும் ஊடை (குறுக்கிழை) வழியாகவும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினாலும் கிழியும் ஓசை கேட்டாலும் அந்தப் பகுதியை உள்ளே வைக்கும் துணியாகப் பயன்படுத்திக்கொள்ளலாமே தவிர, மேலேயும் அடியிலும் வைக்கக் கூடாது.

மேலே வைக்கும் ஒட்டுத்துணிகளும் பருத்தியாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்த துணி மடிப்பை ஏற்காமல் நிமிர்ந்துகொள்ளும். பட்டு அழகாக இருந்தாலும் துவைக்கத் துவைக்க மடிப்பு வழியே வெடிக்கும். சரிகை குழந்தையைக் கீறும். சுங்குடி, கண்டாங்கி, கைத்தறி லுங்கி, பழைய பாவாடை, தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டு என எல்லாம் பொருந்தும். புதுத்துணியானால் முதலில் துவைத்துச் சுருங்கவைத்துவிடுங்கள். ஏற்கெனவே சுருங்கி அடங்கிய பழந்துணியோடு துவைக்காத புதுத்துணியைச் சேர்த்துத் தைத்தால், முதல் சலவையிலேயே அந்தத் துண்டு மட்டும் இழுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தைச் சுருக்கும்.

சாயம் போகிறதா என்பதையும் இப்போதே பார்த்தாக வேண்டும், அதிலும் அடர்சிவப்பிலும் கருப்பிலும். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் சில நிமிடம் அழுத்திவைத்து எடுத்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். எங்கள் குழுவிலும் அப்படிச் செய்து ஏமாந்தோம். சாயமிடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, ஏற்றி முடித்த சாயத்தை அது பிடித்துவைப்பதில்லை. தண்ணீர் தெளியும்வரை தனியே அலசுவது ஒன்றே வழி. அப்படியும் தெளியாத துணியை ஒதுக்கிவிடுங்கள்.

துண்டுகளைக் கத்தரியால் வெட்டுவதைவிட, ஓரத்தில் சிறிது நறுக்கிவிட்டுக் கையால் கிழிப்பதே எனக்கு விருப்பம். பருத்தி இழைவழியே நேராகக் கிழியும், அளவுகோல் தேவைப்படாது, குறுக்காக வெட்டிய துண்டைப்போல மடிப்பில் நெளியவும் செய்யாது. மூன்று முதல் ஏழு அங்குலம்வரை பல அளவுகளில் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக நான்கு அங்குலச் சதுரம் வெளியே தெரியும் என்று கொண்டால் ஏறத்தாழ 75 துண்டுகள் வேண்டியிருக்கும். எந்தத் துண்டு எங்கே என்று முன்கூட்டியே தரையில் பரப்பித் தீர்மானிக்காதீர்கள். நிறவாரியாகக் குவித்து அருகில் வைத்துக்கொண்டால் போதும். பக்கத்தில் இருக்கும் துண்டைப் பார்த்து அடுத்ததை எடுப்பதுதான் இந்த முறையின் உயிர்.

நூலும் தையலும்

இதில் வருவது ஒரே தையல், ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிச் செல்லும் ஓட்டுத்தையல். அதனால் அதன் அளவும் இடைவெளியும்தான் போர்வையின் முகத்தைத் தீர்மானிக்கின்றன. அங்குலத்திற்கு ஐந்து தையல், வரிக்கும் வரிக்கும் அரை அங்குலம் என்று வைத்துக்கொள்வது தொடக்கத்திற்குச் சரியான அளவு. 30க்கு 40 அங்குலப் பரப்பில் அரை அங்குல இடைவெளியில் சுற்றிச் சுற்றி வந்தால் மொத்தத் தையல் வரி 2,400 அங்குலம், அதாவது சுமார் 61 மீட்டர் நீளும். தையல்கள் மட்டும் 12,000 ஆகும். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணித் தொடங்குபவர்கள் பாதியில் அவசரப்பட்டு இடைவெளியை ஓர் அங்குலமாக்கிவிடுகிறார்கள். அது போர்வையைப் பலவீனமாக்குகிறது என்பதைப் பின்னால் விளக்குகிறேன். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்த எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

நூல் கண்ணுக்குத் தெரியும்படி சற்றுத் தடிமனாக இருக்க வேண்டும். ஆறு இழை கொண்ட எம்பிராய்டரி நூலில் மூன்று இழையைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம்; எட்டு மீட்டர் கண்டாக இருந்தால் ஐந்து கண்டு போதும். துணியின் நிறத்தோடு கரைந்துபோகாத ஒரே நிறத்தைப் போர்வை முழுவதற்கும் வைத்துக்கொண்டால், சிதறிய நிறங்களையெல்லாம் அந்த வரிகள் கட்டி நிறுத்தும். ஊசியில் கோக்கும் நூல் ஒரு முழத்திற்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் துணிக்குள் போய்ப்போய் நூல் நைந்துவிடும். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முடிச்சு விழாது. நடுவிரலுக்கு விரலுறை அவசியம். ஓரங்களில் ஆறேழு மடிப்புகளை ஊசி கடக்க வேண்டியிருக்கும்.

முதல் மூலை

அடித்துணியை 31க்கு 41 அங்குலமாக எடுத்து, நாற்புறமும் அரை அங்குலம் உள்நோக்கி மடித்து இஸ்திரி போடுங்கள். உள்ளே வைக்கும் துணியாக நைந்த சேலையின் ஒன்றிரண்டு அடுக்குகளைப் போதுமானதாகக் கொள்ளலாம். நம் ஊர் வெப்பத்திற்குப் பஞ்சு விரிப்பு அதிகம் என்பதோடு, கைத்தையலுக்கு அது தடையாகவும் இருக்கும். உள்துணியை முடிந்த அளவைவிட ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் குறைத்து வெட்டி, அடித்துணியின் மடிப்புக்குக் கீழே செருகிவிடுங்கள். பின்னர் பிரித்துவிடக்கூடிய நீண்ட கச்சாத் தையலைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, இரண்டையும் நகராமல் பிடித்து வையுங்கள். சித்திப் பெண்கள் இதையெல்லாம் கைப்பழக்கத்திலேயே சமாளிப்பவர்கள். புதியவர்களாகிய நமக்கு இந்தக் கச்சாத் தையல் பெருந்துணை.

இப்போது மூலைப்பூ. கவந்தியின் நான்கு மூலைகளிலும் மடித்த துணியாலான சிறு முக்கோணங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் ‘புலா’, அதாவது பூ, என்பார்கள். பூ இல்லாத கவந்தி முழுமையற்றது, ஆடை உடுத்தாதது போன்றது என்பது அவர்களுடைய கருத்து. எனவே அதை விட்டுவிடாதீர்கள். மூன்று அங்குலச் சதுரத் துண்டை மூலைவாட்டில் ஒருமுறை மடியுங்கள். கிடைக்கும் முக்கோணத்தை மறுபடி பாதியாக மடியுங்கள். பிசிறான விளிம்புகள் எல்லாம் நீண்ட பக்கத்தில் சேர்ந்திருக்கும். அதை இன்னும் ஒருமுறை பாதியாக மடித்தால், பிசிறுள்ள ஒன்றரை அங்குலப் பக்கமும் கூரான நுனியும் கொண்ட சிறு முக்கோணம் வரும். பிசிறுள்ள பக்கத்தை அடித்துணிக்கும் முதல் ஒட்டுத்துணிக்கும் நடுவே செருகினால், நுனி மூலைக்கு வெளியே முக்கால் அங்குலம் நீண்டு நிற்கும். இதில் எட்டு அடுக்குத் துணி சேர்வதால், கிடைக்கும் துணிகளிலேயே மெல்லியதைப் பூவுக்கென எடுத்து வையுங்கள். கனமான கைத்தறியில் பூ மடித்து ஊசி முறித்தவர்கள் எங்கள் குழுவில் இருவர்.

முதல் ஒட்டுத்துணியின் வெளிப்பக்கமாக அமையும் இரண்டு விளிம்புகளை அரை அங்குலம் உள்ளே மடித்து, அடித்துணியின் மடிப்போடு விளிம்பும் விளிம்பும் பொருந்துமாறு மூலையில் வையுங்கள். மற்ற இரண்டு விளிம்புகளும் பிசிறாகவே இருக்கட்டும். நூல் முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே மறைத்து, விளிம்பிலிருந்து ஒரு நூலளவு, அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே தள்ளித் தையலைத் தொடங்குங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலமிருந்து இடமாகத் தைப்பது எளிது. எந்தத் திசையில் தொடங்கினாலும் கடைசிவரை அதே திசையில் செல்லுங்கள். மூலை வந்ததும் போர்வையைத்தான் திருப்ப வேண்டும், தையலின் போக்கை அன்று.

முதல் துண்டு முடிய ஓர் அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்தி, அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளி விளிம்பையும், முதல் துண்டை ஒட்டிவரும் விளிம்பையும் மடித்து, முதல் துண்டின் பிசிறின்மேல் அரை அங்குலம் ஏறுமாறு வைத்துத் தையலைத் தொடருங்கள். இப்படியே நான்கு பக்கமும், ஒவ்வொரு மூலையிலும் பூவைச் செருகிக்கொண்டு சுற்றிவந்தால், கடைசித் துண்டு முதல் துண்டைச் சந்திக்கும். அங்கே முதல் துண்டின் பிசிறான பக்கத்தைக் கடைசித் துண்டின் மடித்த விளிம்பு மூடுமாறு அமைத்துவிடுங்கள். அத்துடன் போர்வையின் ஓரம் முடிந்துவிட்டது, பட்டி தேவையில்லை.

உள்நோக்கிய சுற்றுகள்

இரண்டாம் சுற்று, முதல் வரியிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி ஓடும். அதற்குக் கோடு வரைய வேண்டாம். இடக்கை ஆள்காட்டி விரலின் நுனியை முந்தைய வரியில் வைத்து, விரலின் அகலத்தைக்கொண்டே தொடர்ந்தால் வரிகளில் இயல்பான சிறு அசைவு வரும், அதுவே அழகு. எந்தத் துண்டிலும் உள்பக்கப் பிசிறுக்கு அரை அங்குலம் இருக்கும்போது அதன்மேல் தைக்காமல், புதிய துண்டு ஒன்றை விளிம்பு மடித்து அந்தப் பிசிறை மூடுமாறு வைத்துத் தொடருங்கள். ஒரே சுற்றில் ஓரிடத்தில் பழைய துண்டு இன்னும் நீண்டிருக்கும், வேறிடத்தில் புதியது தொடங்கியிருக்கும். அதனால் போர்வையில் வரிசை வரிசையான கட்டங்கள் அமையாமல், ஒன்றையொன்று தாங்கும் செங்கல் சுவர்போல ஒரு பின்னல் உருவாகும்.

இங்கேதான் அரை அங்குல இடைவெளியின் காரணம் வருகிறது. தையல் வரி ஓடும் திசையிலேயே அமைந்த மடிப்புகளை அந்த வரி நெடுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வரிக்குக் குறுக்காக நிற்கும் மடிப்புகளுக்குத் தனித் தையல் கிடையாது. ஒவ்வொரு வரியும் கடக்கும் ஒற்றைப் புள்ளியில்தான் அவை பிடிபடுகின்றன. இடைவெளி ஓர் அங்குலமானால் அந்த மடிப்பு அங்குலத்திற்கு ஒரே இடத்தில்தான் தாங்கப்படும். குழந்தையின் விரல் உள்ளே நுழையும், சலவையில் பிசிறு வெளியே வரும். ஆகவே மடிப்பைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தையல், மடித்த விளிம்பின்மேல் பாலம்போல விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அதற்கு முந்தைய தையலைச் சற்று நீட்டுவதோ குறுக்குவதோ தவறில்லை. இந்த ஒரு கவனம்தான் பத்தாண்டு உழைக்கும் போர்வையையும் ஓராண்டில் பிரியும் போர்வையையும் பிரிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நூலை இறுக்கி இழுக்காதீர்கள். தையல் துணிமேல் படிந்து இலேசான சுருக்கம் தந்தால் போதும். ஓரத்துச் சுற்றுகளை இறுக்கிவிட்டால் போர்வை கிண்ணம்போலக் குழியும். இதைவிடப் பொதுவான இடர், நடுவில் துணி உப்பி எழுவது. வெளியிலிருந்து உள்ளே தைத்துவரும்போது அடித்துணியிலும் உள்துணியிலும் இருக்கும் சிறு தளர்ச்சியெல்லாம் நடுநோக்கித் தள்ளப்பட்டு, கடைசியில் போக இடமின்றி அங்கே குமிழாக நிற்கும். என் முதல் போர்வையில் அப்படித்தான் ஆகி, ஆறு சுற்றுகளைப் பிரிக்க நேர்ந்தது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை போர்வையைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து நாற்புறமும் நீவிப் பாருங்கள். தளர்ச்சி தெரிந்தால் கச்சாத் தையலைப் பிரித்து, உள்துணியைச் சீராக்கி, மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். குமிழ் சிறிதாயின், உள்துணியை நடுவில் கத்தரியால் கீறி ஒன்றின்மேல் ஒன்று படியவைத்தும் சமாளிக்கலாம்.

நடுவில் ஐந்தாறு அங்குல இடம் எஞ்சும்போது வேகத்தைக் குறையுங்கள். கடைசித் துண்டின் நான்கு விளிம்புகளையும் மடித்து, எஞ்சிய திறப்பை மூடுமாறு வைத்து, அதன்மேலும் சுற்றி வந்து, நடுப்புள்ளியில் இரண்டு முறை ஊசியைக் குத்தி நூலை அடுக்குகளுக்குள் இழுத்து வெட்டிவிடுங்கள். இந்தத் துண்டுக்கு எதை வைப்பது என்று முன்பே யோசித்து ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் தம் தாயாரின் சேலைக்கரையில் கையகலம் எடுத்து அதற்கென வைத்திருந்தார். ஆனால் அதற்கு முன் சுற்றுகளில் வந்த நிறங்கள் வேறு திசையில் போய்விட்டதால் அது அங்கே பொருந்தவில்லை, வேறிடத்தில் மேலொட்டாக வைத்தார். சித்திப் பெண்களின் போர்வைகளிலும் பெரிய துண்டுகளின்மேல் பளிச்சென்ற நிறத்தில் சிறு மேலொட்டுகள் இருக்கும். கிறித்தவர் சிலுவையையும் இஸ்லாமியர் பிறையையும் அப்படி வைப்பதுண்டு. ஓர் அங்குலத்துக்குக் குறையாத துண்டை நாற்புறமும் மடித்து, பெரிய துண்டின்மேல் வைத்துக்கொண்டு, வரி அதன் வழியே போகும்போது சேர்த்துத் தைத்துவிட வேண்டும்.

முடிந்த போர்வை முன்னிருந்த அளவைவிட ஓர் அங்குலம்வரை சுருங்கியிருக்கும். கச்சாத் தையலைப் பிரித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, மேல்பக்கம் உள்ளே இருக்குமாறு கொடியில் போட்டு உலர்த்துங்கள்.

குழுவாகச் செய்யும்போது

ஒரே போர்வையை நான்கு பேர் பகிர்ந்து தைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொருவர் கை இழுக்கும் இறுக்கமும் வேறாக இருப்பதால் நான்கு பக்கங்கள் நான்கு விதமாகச் சுருங்கும். ஆளுக்கொரு சிறு சதுரம் எடுத்துக்கொண்டு, துண்டுகளைப் பொதுவில் குவித்து, கூடவே உட்கார்ந்து தைப்பது மிகுந்த பயன் தரும். ஒருவர் மூலைப்பூவை மடிக்கும் விதத்தை எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வதற்கும் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கும் வேறுபாடு பெரிது. எங்கள் கூடுகைக்கு வரும் ஒவ்வொருவரும் சாயம் போகாதது என்று சோதித்து முடித்த பத்துத் துண்டுகளைக் கொண்டுவருகிறார். முடித்தவர் போர்வையின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது, தையலின் உண்மையான ஒழுங்கு அங்கேதான் தெரியும்.

நம் கையால் செய்ததைச் சித்திக் கவந்தி என்ற பெயரில் விற்பது முறையன்று. அந்தப் பெயரில் போர்வை வாங்க விரும்புவோர் உத்தர கன்னடத்துப் பெண்கள் தைத்ததையே வாங்க வேண்டும். அவர்களுடைய உழைப்புக்குரிய விலையும் அவர்களிடமே சேர வேண்டும். நாம் தைத்ததைப் பரிசளித்தாலும் விற்றாலும் அடிப்பக்க மூலையில் இரண்டு அங்குலப் பட்டை ஒன்றைத் தைத்து, தைத்தவர் பெயரையும், ஆண்டையும், எவரெவருடைய சேலைகள் இதில் சேர்ந்தன என்பதையும், ‘உத்தர கன்னடச் சித்திப் பெண்களிடமிருந்து கற்ற முறை’ என்ற வரியையும் நூலாலோ அழியாத மையாலோ எழுதிவிடுங்கள். மையால் எழுதுவதானால், பட்டையைப் போர்வையில் தைப்பதற்கு முன்பே எழுதி, இஸ்திரிச் சூடு காட்டி, ஒருமுறை அலசிப் பார்த்துவிடுங்கள்.